மறு ஒளிபரப்பும் நான் அடித்த சொல்லும்

புதிதாக நாடகம் எழுத வந்திருக்கும் உங்களிடம் காட்சி அமைப்பதைப் பற்றியோ வசனம் எழுதுவதைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அதற்கெல்லாம் இப்போது நல்ல வகுப்புகள் இருக்கின்றன. நான் சொல்லப்போவது எழுதாமல் இருந்த ஒன்பது வாரங்களைப் பற்றி.

அந்த ஒன்பது வாரங்களில் இரண்டு தவறுகள் செய்தேன். முதல் தவறால் என் பகல் வேலை போயிருக்கும். மற்றதை ஒருவரைத் தவிர வேறு யாரும் தவறு என்றுகூடச் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அது என்னை விடவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சர். வீடு குவீன்ஸ்டவுனில், அம்மாவோடு. எங்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவளை யாரோ பார்த்து, தொலைக்காட்சிக்கு எழுதலாமே என்று சொல்லப்போக, ஒன்று எழுதி அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் நிறுத்த முடியவில்லை. பகலில் மற்றவர்களின் சண்டைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன், வார இறுதியில் என் சண்டைகளைத் தமிழில் எழுதுவேன்.

தொலைக்காட்சி நிலையத்தில் நாடகங்களுக்குப் பொறுப்பாக ஒரு தயாரிப்பாளர் இருந்தார். பெயர் சொல்லப்போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். எப்போதும் சட்டைப் பையில் நான்கு பேனா. என் முதல் வசனப் பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, “இந்த அம்மா நாலு பக்கமா அழுவுறாங்க பிலோமினா. ஒரு பக்கம் போதும் லா. மீதிய ஆடியன்ஸ் அழட்டும்” என்றார். என் எழுத்தை யார் திருத்தினாலும் எனக்குக் கோபம் வரும். அவர் திருத்தினால் மட்டும் வராது.

எழுதியதற்கு ஒருமுறை பணம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அது தவறு என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

ஒரு ஞாயிறு பிற்பகல் சிராங்கூன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடை ஒன்றின் முன்னால் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். என் நாடகம். மூன்றாவது முறையாகப் போடுகிறார்கள். எனக்கு முன்னால் நின்றிருந்த கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர், திரையில் தாய் பேசுவதற்கு முன்பே அந்த வசனத்தைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். என் கண் கலங்கிவிட்டது. நான் எழுதியதை ஒரு மனிதர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

“ஒங்களோடதுதானே?” என்றது ஒரு குரல். கோவிந்தராஜு. அவரும் நாடகம் எழுதுபவர். ஆங் மோ கியோ பேருந்து முனையத்தில் நேரக் கண்காணிப்பாளர் வேலை. எந்த நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுவார்.

“ஆமாண்ணே. மூணாவது தடவ.”

“போன மாசம் என்னோடத நாலாவது தடவ போட்டாங்க. அந்த ஸ்லாட்டுக்கு என்கிட்ட புதுசு கேட்டிருந்தாங்க தெரியுமா? பழசு இருக்குதே, அத போட்டுக்கலாம்னு புதுச வேணாம்னுட்டாங்க.” கடிகாரத்தைப் பார்த்தார். “நான் எழுதுனதே எனக்குப் போட்டியா வந்து நிக்குது.”

கண்ணீர் அங்கேயே வற்றிவிட்டது. அன்று வீட்டுக்குப் போனதும் நிலையம் எனக்கு அனுப்பியிருந்த கடிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: நாடகத்தை ஒளிபரப்ப அனுமதி அளிக்கிறேன். எத்தனை முறை என்று இல்லை. வக்கீல் அலுவலகத்தில் ஒன்பது வருடம் இருந்தவளுக்கு இது அன்றுவரை கண்ணில் படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தாளில் எழுதாத இடத்தை யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்தான் நிரப்புவார். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது தொலைக்காட்சிக்குத் தொடர்ந்து தமிழ் நாடகம் எழுதியவர்கள் நாங்கள் ஆறு பேர்தான். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஞாயிற்றுக்கிழமை என் தேவாலயத் திருப்பலி முடிந்ததும் கூடினோம். கோவிந்தராஜுதான் பேச்சைத் தொடங்கினார். மறுபடி போடும் ஒவ்வொரு முறைக்கும் எழுதியவருக்கு ஒரு தொகை தர வேண்டும். அதற்குப் பதில் வரும்வரை யாரும் புதிய நாடகம் கொடுக்கக் கூடாது. தீபாவளி நாடகத்தையும்தான்.

ஸ்ட்ரைக் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. ஆறு பேரில் இருவர் அரசாங்க வேலையில் இருந்தார்கள். வெளியில் எழுத மேலிடத்தில் அனுமதி வாங்கியவர்கள். அந்த அனுமதி போனால் எழுத்தே போய்விடும். ஒருவர் இலையில் இருந்த அப்பளத்தைத் தொடவே இல்லை. “நாம நிறுத்தல. நமக்கு இப்ப எழுத வரல. அவ்ளோதான்” என்றார் கோவிந்தராஜு. எல்லோரும் சிரித்தோம், ஆனால் கடையில் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

கடிதத்தைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில் அலுவலகத்திலேயே அடித்தேன். ஏற்கெனவே எல்லோரிடமும் அடியில் கையெழுத்து வாங்கியிருந்த வெற்றுத் தாள். மணி இரண்டாகப்போகிறது, தபாலில் சேர்க்க வேண்டும் என்ற அவசரம். கைக்கெட்டிய உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை கோவிந்தராஜு போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “பிலோமினா, நிலையத்துல இருந்து கூப்பிட்டாங்க! அடுத்த புதன் பேசலாமாம். ஒங்க லாயரையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னாங்க. நமக்கு எப்பம்மா லாயர் வந்தாரு?”

 மேசைமேல் இருந்த உறைக் கட்டைப் பார்த்தேன். இடது மூலையில், நீல மையில், எங்கள் வக்கீல் அலுவலகத்தின் பெயர்.

அன்று மாலை அவசரமாகக் கூடினோம். நான் நடந்ததைச் சொன்னேன். அசடு வழியச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கோவிந்தராஜுவின் முகம் மலர்ந்தது.

“நாம பொய் சொல்லலயே? அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. புதன்கிழம லாயருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு நாம மட்டும் போவோம். பேசி முடியிற வரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க.”

“அது பொய்தானேண்ணே?”

“ஆறு பேரு வெறுங்கையோட போய் நின்னா யாரு மதிப்பா? ஒரு கவர் மதிக்க வைக்குதுன்னா வைக்கட்டுமே.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அலுவலகத்தில் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் என் விரல் தப்பான எழுத்தில் விழுந்தது. ஒரு பத்திரத்தை ஏழு முறை அடித்தேன். புதன்கிழமைக்குள் நிலையத்திலிருந்து யாராவது வக்கீலைக் கூப்பிட்டுவிட்டால்? கூப்பிடாமலே போனாலும், நாளைக்கு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தெரிந்துபோனால்? ஜெயித்தால்கூட ஒளிந்துகொண்டே இருக்க வேண்டிய ஜெயிப்பு.

சனிக்கிழமை காலை வக்கீலின் அறைக் கதவைத் தட்டினேன். அவர் சீனர், அதிகம் பேசாதவர். நான் சொல்லி முடிக்கும்வரை கையில் இருந்த கோப்பைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: உறை பெரிய விஷயமில்லை, அதில் இருக்கும் பெயரைச் சம்பாதிக்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று. யார் யாருக்கு இது தெரியும் என்று கேட்டார். சொன்னேன். நிலையத்துக்குத் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன். “நான் போன் செய்யட்டுமா, நீயே போகிறாயா?”

நானே போனேன். நிர்வாகப் பகுதியில் இருந்த அதிகாரியிடம், வக்கீல் யாரும் இல்லை, உறை மாறிவிட்டது, மன்னிக்கவும் என்று சொன்னேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காபி சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்டார். புதன்கிழமைச் சந்திப்பு அன்றைக்கே ரத்தானது. கோவிந்தராஜு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வேலை போகவில்லை. நானே முதலில் போய்ச் சொன்னதால்தான் போகவில்லை என்று வக்கீல் பிறகு சொன்னார். ஆனால் எங்கள் பக்கம் இருந்த ஒரே பலத்தை நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் யாராவது அது சரியா என்று கேட்டால் சரி என்பேன். ஆனால் உடனே சொல்ல மாட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வேன்.

அடுத்து வந்தது நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. நாங்கள் எழுதாததால் திரை காலியாகும், அப்போது நம்மைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். திரை காலியாகவில்லை. எங்கள் பழைய நாடகங்களை எடுத்து வாராவாரம் போட்டார்கள். மறு ஒளிபரப்புக்காக நாங்கள் எழுதுவதை நிறுத்தினோம், எங்கள் நிறுத்தத்தை உடைத்தது மறு ஒளிபரப்பு. எங்களுக்கு எதிராக வேலைக்கு வந்தவர்கள் வேறு யாருமில்லை, மூன்று வருடத்துக்கு முந்தைய நாங்களேதான்.

குவீன்ஸ்டவுனில் மின்தூக்கிக்குள் அண்டை வீட்டுக்காரர் என் தோளில் தட்டினார். “நேத்து ஒங்க நாடகம் சூப்பர் லா! எப்பவும் ஒங்களோடதுதான் வருது. பிசியா?” பிசி என்றேன்.

தயாரிப்பாளருக்கு நானே போன் செய்தேன். கோபமாகத்தான் பேசினேன்.

“பிலோமினா, நான் கேக்குறேன்” என்றார் அவர். “ஒரு ஆசாரி நாற்காலி செஞ்சு குடுக்குறாரு. காசு வாங்கிட்டாரு. அப்புறம் நாம ஒவ்வொரு தடவ உக்காரும்போதும் வந்து காசு கேப்பாரா? மேல இருக்குறவங்க என்கிட்ட இதத்தான் கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“சார், அந்த நாற்காலிய வாடகைக்கு விட்டு நீங்க ஆள் சேர்த்தா கேப்பாரு. அதோட, பழைய நாற்காலி கெடக்குற எடத்துல புது நாற்காலி வாங்க மாட்டீங்க. செஞ்ச வேலையே அவருக்கு அடுத்த வேலை இல்லாம பண்ணுது. அப்ப கேக்கலாமா கூடாதா?”

மறுமுனையில் பேனாவின் மூடியைத் திறந்து மூடும் ஓசை மட்டும். “இத எழுதிக்கிறேன்” என்றார். எழுதினாரா என்று தெரியாது.

ஆறாவது வாரம். சனிக்கிழமை காலை தேக்காச் சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தேன். “ஏம்மா, இப்பல்லாம் எழுதறதே இல்லியாமே?” என்று பின்னாலிருந்து கேட்டார்கள். திரும்பாமலே தெரிந்தது. அந்தக் குரலுக்காகத்தான் நான் எத்தனையோ வசனங்களை எழுதியிருக்கிறேன். ராஜாமணி அக்கா.

எங்கள் நாடகங்களில் தாயாக நடிப்பவர் அவர்தான். ஆங் மோ கியோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஒளிப்பதிவு நாட்களில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வருவார். கப்பல் பட்டறைத் தொழிலாளி மனப்பாடமாகச் சொன்ன வசனம் அவர் பேசியதுதான்.

“ஒங்களுக்குத் தெரியாதாக்கா? மறுபடி போடுறதுக்குக் காசு கேட்டிருக்கோம்” என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பேன்.

“தெரியும். தீபாவளி நாடகத்துக்குன்னு நான் நாலு நாளு லீவு எழுதிக் குடுத்துட்டேன். நாடகம் இல்லன்னு ஆனப்புறம் லீவ திருப்பித் தாங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட நின்னேன். ஆளு போட்டாச்சுன்னுட்டான். அந்தக் காசும் இல்ல, இந்தக் காசும் இல்ல.” மீன்காரரிடம் அரைக் கிலோ கொடுவாய் வெட்டச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “அது போவட்டும். ஒன்னு கேக்குறேன். மறுபடி போடுறப்ப ஒன்னோட எழுத்து மட்டுந்தான் வருதா? என் மூஞ்சி வரலியா?”

நான் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். 

“லெட்டர்ல எங்க பேரு இருக்குதா?”

“இல்லக்கா.”

“நெனச்சேன்” என்று மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் மீன் வாங்கவில்லை. அந்த ஈரத் தரையில் அப்படியே நின்றேன். எங்களில் ஒருவர்கூட, ஆறு வாரத்தில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில், நடிகர்கள் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவர்களை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாபகமே வரவில்லை.

மறுநாள் ஃபேரர் பார்க் கடையில் சொன்னேன். கடிதத்தில் எழுதியவருக்கு என்று இருக்கும் இடத்தில் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் என்று மாற்ற வேண்டும்.

“நாம கேட்டதுக்கே பதில் இல்ல. இப்ப அவங்களையும் ஏத்திக்கிட்டா வண்டி நகருமா?” என்றார் கோவிந்தராஜு.

“அவங்க இல்லாம நம்ம எழுத்த யாருண்ணே பாத்தாங்க?”

நீண்ட நேரம் பேசினோம். சண்டை என்றே சொல்லலாம். கடைசியில் கோவிந்தராஜு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சரி, மாத்துங்க” என்றார். அரசாங்க வேலையில் இருந்த இருவரும் எழுந்துவிட்டார்கள். இது பெரிதாகப் போகிறது, எங்களால் முடியாது என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு பேர் கையெழுத்திட்ட புதிய கடிதம் போயிற்று, இந்த முறை தபால் நிலையத்தில் வாங்கிய உறையில்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

ஒன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தயாரிப்பாளர் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். பக்கத்துக் காபிக் கடைக்குப் போனோம். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தீபாவளிக்குப் பழைய நாடகத்தையே போட்டதில் வீடுகளிலிருந்து ஏகப்பட்ட புகார்க் கடிதங்கள் வந்துவிட்டனவாம். மேலிடம் இறங்கி வருகிறது.

“ரெண்டு மணிக்கு மீட்டிங். நான் உள்ள இருப்பேன். நாலு பக்க லெட்டர யாரும் படிக்க மாட்டாங்க. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் வாசிக்கிறேன். அது பாஸ் ஆயிடும்னு நெனக்கிறேன்.”

மணி ஒன்றே முக்கால். அவர் நீட்டிய பேனாவை வாங்கி, காபிக் கடையின் ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதினேன்: அனுமதி ஒரு ஒளிபரப்புக்கு மட்டுமே, மறு ஒளிபரப்பு ஒவ்வொன்றுக்கும் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் தனித்தொகை உண்டு.

அவர் படித்தார். “நடித்தவருக்கும்” என்பதன்மேல் விரலை வைத்தார்.

“இது இருந்தா மொத்தமும் விழுந்துரும் பிலோமினா. ஒரு நாடகத்துல எழுதறவரு ஒருத்தரு. நடிக்கிறவங்க பன்னெண்டு பேரு. இத பாத்த ஒடனே மூடிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருவாங்க. இத எடுத்துருங்க, மீதிய நான் வாங்கித் தர்றேன். மொதல்ல ஒரு கதவு தொறக்கட்டும். அப்புறம் அவங்களும் வரலாம் இல்ல?”

அவர் ஏமாற்றவில்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் அந்த நேரத்தின் ஆபத்து. நமக்குக் கெட்டது நினைப்பவர் அவசரப்படுத்தினால் நாம் உஷாராகிவிடுவோம். நல்லது நினைப்பவர் அவசரப்படுத்தும்போதுதான் கை தானாக நகர்கிறது.

காபிக் கடை வாசலில் பொதுத் தொலைபேசி இருந்தது. பத்துக் காசு போட்டால் ஆங் மோ கியோ முனையத்தில் கோவிந்தராஜு எடுத்திருப்பார். என் பையில் பத்துக் காசு இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவரைக் கேட்டால் எடுக்காதே என்பார் என்று பயந்தேனா, எடுத்துவிடு என்பார் என்று பயந்தேனா, எனக்கே தெரியாது. ஒன்பது வாரமாக எழுதாத கை. எனக்குத் திரும்ப எழுத வேண்டும் போலிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

அன்றைய கூட்டம் இரண்டு மணிக்கு நடக்கவில்லை, நான்கு மணிக்குத் தள்ளிப்போயிற்று என்று பல மாதம் கழித்து அவரே பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறது. யாராவது உங்களிடம் பதினைந்து நிமிடத்தில் முடிவு சொல் என்றால், அந்தப் பதினைந்து நிமிடம் யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

வரி தேறியது. இரண்டாவது ஒளிபரப்பிலிருந்து எழுதியவருக்குத் தொகை. சிறியதுதான். ஆனால் தாளில் இருந்தது. ஃபேரர் பார்க் கடையில் நான்கு பேரும் கூடினோம். கோவிந்தராஜு நிலையத்தின் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடி மனத்துக்குள் படித்தார்.

“நடிகருங்க எங்க?”

அவர்தான் கேட்டார். அவர்களைச் சேர்க்காதே என்று சண்டை போட்டவர்.

“எடுக்கச் சொன்னாங்கண்ணே.”

“யாரு எடுத்தா?”

“நான்.”

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். மற்ற இருவரும் வேறு ஏதோ பேச ஆரம்பித்தார்கள்.

மறுபடி எழுதத் தொடங்கினோம். முதல் ஒளிப்பதிவு என்னுடைய நாடகம். ராஜாமணி அக்கா வந்தார். ஒப்பனை அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காபிக் கடையில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நடிகையாயிற்றே. 

கடைசியில் வசனப் பிரதியை எடுத்து என் மடியில் வைத்தார். “இனிமே எனக்கு வசனம் கம்மியா எழுதும்மா. திரும்பத் திரும்ப ஓசியில பேசுறது நான்தானே.”

சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு போய் நடித்தார். அன்றைக்கு நடித்த மாதிரி அவர் என்றுமே நடித்ததில்லை. கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளரின் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

என் நாடகத்தை மறுபடி போட்டபோது முதல் காசோலை வந்தது. அதில் பாதியை ராஜாமணி அக்காவிடம் கொண்டுபோனேன். வாங்கவில்லை. “நீ குடுத்தா அது ஒன் நல்ல மனசு. அவங்க குடுத்தாத்தான் என் கூலி” என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவிடவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு சனிக்கிழமை பிற்பகல் குவீன்ஸ்டவுன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ராஜாமணி அக்காவும் இன்னொரு நடிகரும். அக்கா கையில் ஒரு பள்ளிக்கூடக் குறிப்பேட்டுத் தாள். பதினான்கு நடிகர்களின் பெயர்கள், பென்சிலில்.

“டைப் அடிச்சுத் தரணும்” என்றார். “என்ன எழுதணும்னு நான் சொல்றேன். நீ அழகுபடுத்தாத.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மறுபடி போடும்போது எழுதியவருக்குக் கொடுக்கிறீர்கள். நடித்தவருக்கும் கொடுங்கள். கொடுக்கும்வரை நாங்கள் நடிக்க மாட்டோம். அவ்வளவுதான். மூன்று வாக்கியம். என்னால் இப்படி எழுத முடியாது.

“இதுக்கு எழுதறவங்களும் சேரணும்” என்றார். “நாங்க மட்டும் நின்னா வேற ஆள வச்சு எடுப்பாங்க. நீங்களும் எழுதாம இருந்தாத்தான் நடக்கும். கேக்குறேன், தருவியா?”

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். “ஒனக்காவ மட்டும் சொல்லாத. எல்லாரையும் கேட்டுட்டு வா.”

கேட்டேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். அப்போது எழுதிக்கொண்டிருந்த ஐந்து பேரில் மூவர் சம்மதித்தோம். கோவிந்தராஜு முதல் ஆள். தயாரிப்பாளரிடமும் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, திரும்ப வைத்தார். “அன்னைக்கு நான் ஒங்கள அவசரப்படுத்திட்டேன்” என்றார். இரண்டு வருடமாக அவரும் அதைச் சுமந்துகொண்டிருந்தார் போலும்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ராஜாமணி அக்கா முதலில் போட்டார். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல். போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“போடு. இந்தத் தடவ யாரும் எடுக்க முடியாத மாதிரி போடு.”

நான் போட்டேன். 

ஐந்து மாதம் எழுதவில்லை. முன்பு செய்த மாதிரியே பழைய நாடகங்களைப் போட்டார்கள். ஆனால் இப்போது போடும் ஒவ்வொன்றுக்கும் எங்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். எங்கள் பழைய நாடகங்களால் இந்த முறை எங்களைச் சும்மா தோற்கடிக்க முடியவில்லை. அந்தப் பணத்தை மூவரும் எடுத்துத் தனியாக வைத்து, தொழிற்சாலையில் குறைந்த சம்பளம் வாங்கும் நடிகர்களுக்குக் கொடுத்தோம். ராஜாமணி அக்கா அதைக் கடன் என்று எழுதிக்கொண்ட பிறகுதான் வாங்கினார்.

ஆறாவது மாதம் ஒரு காலை, அலுவலகத் தொலைபேசி அடித்தது. தொழிற்சாலையின் இரைச்சல் பின்னால் கேட்டது.

“லெட்டர் வந்துருச்சு” என்றார் ராஜாமணி அக்கா. “பதினாலு பேருக்கும் உண்டாம்.”

நான் மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்கும்.  அவர் குரல் மாறியது.

“அழுவுறத அப்புறம் வச்சுக்க. அடுத்த மாசம் ரெக்கார்டிங்காம். ஸ்கிரிப்ட் எப்ப தருவ?”

என்னிடம் ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அன்று மதிய உணவு நேரத்திலேயே வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தேன்.